முழங்காலில் உட்பகை

திருப்பாதிரிப்புலியூரில் பாடலேசுவரர் சந்நிதியண்டை விடியற்காலையில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தப்பாது. கோவிலுக்கு வரும் முதியோரில் பலர் வாயிற்படியருகே வந்ததும் ஒரு கணம் தயங்கி நிற்பார்கள். ஒரு கையால் சுவரைப் பற்றி, மறு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சாக ஏறுவார்கள். என்ன ஐயா என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வயசாச்சு, மூட்டு தேஞ்சு போச்சு." அதற்குமேல் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

இவ்வூருக்கும் கால் தேய்தலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய தலம் இது. அதே அப்பரடிகள் தள்ளாத வயதில் கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்ற வரலாற்றைப் பெரிய புராணம் கூறுகிறது. செருப்புத் தேய்வதுபோல, அம்மி தேய்வதுபோல, மூட்டும் தேய்கிறது என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேய்ந்த அம்மியையாவது கொத்திக்கொள்ளலாம். தேய்ந்த மூட்டுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கிறோம். இந்த எண்ணம் பாதிதான் மெய் என்று நாம் சொல்ல விரும்புகிறோம். மற்றப் பாதி தெரியாத காரணத்தால், காப்பாற்றக்கூடிய காலத்தில் சும்மா இருந்துவிட்டுக் காப்பாற்ற முடியாத காலத்தில் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம்.

முதலில் மூட்டின் அமைப்பை அறிய வேண்டும். முழங்காலில் எலும்புகள் சந்திக்கும் முனைகளில் வழவழப்பான வெண்ணிறப் போர்வை ஒன்று படர்ந்திருக்கிறது. அதுவே குருத்தெலும்பு. அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவு தண்ணீர். உயிரணுக்களோ நூற்றில் ஓரிரண்டு பங்கே. இப்படிப் பெரும்பாலும் தண்ணீரான ஒரு வஸ்து, மூட்டை சுமக்கும் தொழிலாளியின் பாரத்தை நாற்பது வருஷம் எப்படித் தாங்குகிறது?

ஐப்பசி மழையில் கடலூர்க் கரையோர வீடுகளில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து நிற்கும். குருத்தெலும்புக்குள் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு நிறைந்திருக்கிறது. நடுவே ஒரு புரதத் தண்டு. அதிலிருந்து நாற்புறமும் சிலிர்த்து நிற்கும் ஏறக்குறைய நூறு சர்க்கரைச் சங்கிலிகள். அச்சங்கிலிகளிலுள்ள மின்னேற்றம் சோடியத்தை இழுக்கிறது. சோடியம் தண்ணீரை இழுக்கிறது. உப்பினால் உப்புகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அளவுக்கு மேல் உப்பிவிடாமல் அதை இறுகக் கட்டி நிற்பது கொலாஜன் என்ற நார்ப் புரதத்தாலான வலை. கால் ஊன்றும்போது தண்ணீர் சற்று ஒதுங்குகிறது. காலைத் தூக்கியதும் திரும்பி வருகிறது. உள்ளிருந்து தள்ளும் அக்ரிகனுக்கும் வெளியிலிருந்து கட்டும் வலைக்கும் இடையேயுள்ள இந்த இழுபறிதான் மூட்டின் பலம் முழுவதும்.

அந்த வலையின் நார் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சி வெளிதேசத்தில் நடந்ததன்று, சென்னையில் நடந்தது. இதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியராக 1952-ல் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்பொழுது வயது முப்பது. அவ்வருஷம் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்தாற்போல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தான். நல்ல மாதிரி வேண்டி ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாணை வரவழைத்தார்கள். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-லிலும் 1955-லிலும் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்ட முடிவு இது: மூன்று புரத இழைகள் தனித்தனியே முறுகி, பின் மூன்றும் சேர்ந்து ஒரே கயிறாக முறுகியிருக்கின்றன. நம் ஊரில் கயிறு திரிப்பவர் செய்வதும் இதுவே. இழைகள் நெருங்கிப் புரியும் இடத்தில் பெரிய அணுத்தொகுதிக்கு இடமில்லை. ஆகையால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் எல்லாவற்றிலும் சிறிய கிளைசின் அமர்ந்திருக்கிறது. இம்முறுக்கின் காரணமாகச் சாதாரணப் புரதங்களை அறுக்கும் பொருள்கள் கொலாஜனை எளிதில் அறுக்க முடிவதில்லை.

அறுக்கும் பொருள் என்றோம். என்ஸைம் என்றும் நொதி என்றும் வழங்கும் வஸ்துக்களைக் குறித்தே சொன்னோம். உடலில் நடக்கும் இரசாயன வேலைகளைத் துரிதப்படுத்தும் புரதங்கள் இவை. சோற்றை மென்று கொண்டிருந்தால் இனிப்பதும், தோசை மாவு புளிப்பதும் நொதிகளின் வேலையே. நம் கொல்லையிலேயே இதற்கு நல்ல உதாரணம் நிற்கிறது. பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பெயின் என்ற நொதி உண்டு. முற்றல் கறி வேகவில்லையென்றால் சமைப்பவர் இரண்டு துண்டு பப்பாளிக்காயைப் போடுவது, அது புரதத்தை அறுத்துக் கறியை மெதுவாக்கும் என்பதனால்தான்.

இந்தப் பப்பெயினைக் கொண்டு லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1956-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை, நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கே திறவுகோல் போன்றது. அவர் முயல்களின் இரத்தக் குழாயில் பப்பெயினைச் செலுத்தினார். நிமிர்ந்து நின்ற முயற்காதுகள் ஒரு நாளைக்குள் நனைந்த துணிபோலத் தொங்கிவிட்டன. முயலுக்கு வேறு நோயில்லை, தின்றது, ஓடியது. மூன்று நான்கு நாட்களில் காதுகள் மறுபடியும் நிமிர்ந்துகொண்டன! நடந்தது என்னவென்றால், காதிலுள்ள குருத்தெலும்பின் சாரமான பகுதியை, அதாவது பின்னாளில் அக்ரிகன் என்று பெயர் பெற்றதை, நொதி அறுத்துப் போட்டது. கொலாஜன் வலையோ அப்படியே இருந்தது. உயிரணுக்களும் சாகவில்லை. அவை புதிதாக அக்ரிகனை உண்டாக்கி இடத்தை நிரப்பிவிட்டன. வலை நிற்கும் வரையில் குருத்தெலும்புக்கு மீட்சி உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

மனிதனின் முழங்காலில் யாரும் பப்பாளிப்பால் ஊற்றுவதில்லை. அப்படியானால் அறுப்பது யார்? குருத்தெலும்பின் சொந்த உயிரணுக்களே அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. இதைத்தான் உட்பகை என்றோம். மூட்டு நோயாளிகளின் மூட்டு நீரில் கண்ட அக்ரிகன் துண்டுகள் எல்லாம் ஒரே குறித்த இடத்தில் அறுபட்டிருந்ததை 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் கவனித்தார்கள். தேய்மானத்தால் கிழிந்த துணி கண்டபடி கிழியும். கத்தரித்த துணி ஒரே கோட்டில் இருக்கும். இது கத்தரிப்பே என்று அவர்கள் தீர்மானித்தது நியாயமே. 1999-ல் அந்தக் கத்தரிகள் இரண்டு அகப்பட்டன. அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 என்று அவற்றுக்குப் பெயர். 2005-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அடாம்ட்ஸ்-5 வேலை செய்யாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தன. ஒரு குழு அவற்றின் முழங்காலை அறுவை செய்து நிலைகுலையச் செய்தது. மற்றக் குழு மூட்டில் அழற்சியை மூட்டியது. இரண்டிலும் மற்ற எலிகளின் குருத்தெலும்பு சிதைந்த அளவுக்கு இவற்றினுடையது சிதையவில்லை. தேய்மானம் மட்டுமே காரணமானால் கத்தரியை எடுத்துவிட்டதால் என்ன மாறியிருக்கும்?

அக்ரிகன் போனபின் இரண்டாவது கட்டம் வருகிறது. அது கொடியது. அக்ரிகன் சூழ்ந்திருந்த வரையில் வலைக்கு ஓரளவு காப்பு இருந்தது. அது விலகியதும் கொலாஜன் இழைகள் வெளிப்பட்டு நிற்கின்றன. ராமச்சந்திரன் கண்ட அந்த முப்புரிக் கயிற்றை அறுக்க வல்ல நொதி ஒன்று உண்டு என்பது 1962-ல் தெரிந்தது. தவளைக் குஞ்சு தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது என்ற சிறுபிள்ளைக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பாஸ்டன் நகரில் ஜெரோம் கிராஸும் லாப்பியேரும் அந்த வாலிலிருந்தே கொலாஜனேஸ் என்னும் நொதியைக் கண்டார்கள். கயிறு நெடுகிலும் அது ஒரே ஓரிடத்தில்தான் கடிக்கிறது. முக்கால் ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. அந்த ஒரு கடி போதும். உடலின் சூட்டிலேயே துண்டுகள் புரி பிரிந்து ஜெலாட்டின் ஆகிவிடுகின்றன. பிறகு மற்ற நொதிகள் சுலபமாகத் தின்று தீர்க்கின்றன. மனிதனின் குருத்தெலும்பு வலையை அறுப்பதில் முதன்மையானது எம்.எம்.பி.-13 என்று குறிக்கப்படும் கொலாஜனேஸ்.

அறுந்த வலை மறுபடியும் பின்னப்படுமா? இதற்கு விடை சொன்னது அணுகுண்டு என்றால் வாசகர் வியப்பார்கள். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானவெளியில் வெடித்துச் சோதித்த குண்டுகளால் காற்றில் கரி-14 என்ற கதிரியக்கக் கரி மிகுந்தது. அக்காலத்தில் உண்ட உணவின் வழியே அது எல்லார் உடம்பிலும் புகுந்தது. உடலின் எந்தப் பகுதி எந்த வருஷத்தில் உண்டானது என்பதை அக்கரியை அளந்து சொல்லலாம். டென்மார்க் ஆராய்ச்சியாளர் 2016-ல் முழங்கால் குருத்தெலும்பை இவ்விதம் அளந்தார்கள். வலையின் கொலாஜன், அம்மனிதர் வளர்ந்து முடிந்த இளம் பருவத்தோடு சரி; அதற்குப்பின் புதிதாக ஏற்படவே இல்லை. நோயுற்ற மூட்டிலும் அவ்வாறே. ஆகவே, இருபது வயதில் உள்ள வலையைக் கொண்டே ஒருவர் எண்பது வயது வரை நடக்க வேண்டும். அக்ரிகன் நம் கைச்செலவுப் பணம், போனால் சம்பாதிக்கலாம். கொலாஜன் பிதுரார்ஜித நிலம், விற்றால் விற்றதுதான்.

உயிரணு ஏன் தன் வீட்டையே இடிக்கிறது என்று கேட்கலாம். இந்நொதிகள் உடம்பில் காரணமில்லாமல் இல்லை. பழைய அக்ரிகனை அகற்றிப் புதியதை வைக்கும் செப்பனிடும் வேலைக்கு அவை வேண்டும். அவற்றை அடக்கி வைக்கும் காவற்புரதங்களும் மூட்டில் உண்டு. அடியோ, மிகுபாரமோ, அழற்சியோ ஏற்பட்டால் இந்தச் சமநிலை கெடுகிறது. நொதி மிகுகிறது. அறுபட்ட துண்டுகளே அடுத்த அபாய மணியாகி, இன்னும் நொதியைச் சுரக்கும்படி உயிரணுவைத் தூண்டுகின்றன. மூட்டின் உட்சவ்வும் வீங்கிச் சேர்ந்துகொள்கிறது. முதற் காரணம் போன பிறகும் சச்சரவு நிற்பதில்லை.

இவ்வளவும் நடக்கும்போது வலி இல்லை. குருத்தெலும்பில் நரம்பே இல்லையல்லவா? எக்ஸ்-ரேயிலும் தெரியாது, எக்ஸ்-ரே எலும்பைக் காட்டுமேயன்றிக் குருத்தெலும்பைக் காட்டாது. எலும்புகளுக்கிடையே இருந்த இடைவெளி குறுகிவிட்டது என்று படம் பார்த்து வைத்தியர் சொல்லும்பொழுது, வலை பெரும்பகுதி போயிருக்கும்.

இது கிழவர் வியாதி, நமக்கென்ன என்று இளைஞர் எண்ண வேண்டாம். சடுகுடு ஆடுகளத்தில் முழங்கால் திருகி, உள்ளே தசைநாரோ சவ்வோ அறுந்த இருபது வயது வாலிபனைப் பற்றி நாம் முக்கியமாகக் கவலைப்படுகிறோம். இரண்டு வாரம் கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் மறுபடியும் களத்தில் இறங்குகிறான். அப்படிப்பட்ட காயம் பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்திருபது வருஷத்தில் மூட்டுச் சிதைவு வருகிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. குடும்பப் பாரம் முழுவதும் அவன் தோளில் ஏறும் முப்பத்தைந்து, நாற்பது வயதில் அவன் கால் மடக்க முடியாதவனாகிறான்.

ஸ்திரீகளின் நிலைமை இதனினும் பரிதாபம். 2019-ல் உலகெங்கும் இந்நோயுற்றோர் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள் என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துக் கொல்லைகளில் களையெடுக்கும் பெண் பொழுது விடிந்து வெயில் ஏறும் வரை குந்திய நிலையிலேயே நகர்கிறாள். முந்திரிக்கொட்டை உடைப்பவள் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுவது மாலையில்தான். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துவைகல், தண்ணீர்க் குடம். பெக்கிங் நகரத்து முதியவர்களை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இளமையில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது என்று சொல்லுகிறது. குந்தி உட்காருவது நம் நாட்டு வழக்கம். அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. விரும்பி உட்காருவது வேறு. கூலிக்காகப் பொழுதெல்லாம் குந்தியிருக்க நேர்வது வேறு. ஒரு முக்காலியும், மணிக்கொரு முறை எழுந்து நிற்க அனுமதியும் எந்த முதலாளியையும் ஏழையாக்கிவிடா.

இனி மருந்துக்கு வருவோம். நொதிதான் பகைவன் என்று தெரிந்தபின் அதைத் தடுக்கும் மாத்திரை செய்யப் பெருங் கம்பெனிகள் முனைந்தது இயற்கையே. எம்.எம்.பி. நொதிகளைத் தடுக்கும் மருந்தொன்றின் சோதனை முடிவு 2007-ல் வெளியாயிற்று. பயன் காணவில்லை, உண்டவர் சிலருக்குத் தோளும் கையும் விறைத்து வலித்ததுதான் மிச்சம். நல்ல வேலைக்கு வேண்டிய நொதியையும் சேர்த்துத் தடுத்தால் வேறென்ன ஆகும்? பிறகு அடாம்ட்ஸ்-5 ஒன்றையே குறிவைத்துச் செய்த மாத்திரையை 932 பேரிடம் ஒரு வருஷம் சோதித்தார்கள். 2020-ல் அதுவும் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. மருந்து நொதியைத் தடுக்கவில்லை என்பதில்லை. தடுத்தது, ஆனால் குருத்தெலும்பு குறைவது நிற்கவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே வலியும் தேய்வும் கண்டவர்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். வீடு பாதி எரிந்தபின் தீப்பெட்டியைப் பறித்தது போலாயிற்று என்பது நம் அபிப்பிராயம்.

கடைவீதியில் விற்பனையாகும் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளூக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் உண்டால் குருத்தெலும்பு வளரும் என்று மாதாமாதம் பணம் கட்டுவோர் பலர். அமெரிக்க அரசாங்க உதவியோடு 1,583 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட சோதனையில், மொத்தத்தில் இவை வெறும் போலி மாத்திரையைவிட மேலாக வலியைக் குறைக்கவில்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிப்பது உண்மை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது. வலியிலோ வித்தியாசம் இல்லை. தைல வியாபாரிகளைப் பற்றி எழுதத் தேவையில்லை. தேய்த்துவிடும் கைக்குத்தான் அதில் பாதிக் குணம்.

கடைசிப் புகலிடம் செயற்கை மூட்டு. அதன் விலை ஒரு காலத்தில் சராசரி ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் தலையிட்டு, பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது. கொள்ளை இலாபத்துக்குப் போட்ட அந்தக் கடிவாளத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் களையெடுப்பவளுக்கு ஐம்பத்தையாயிரமும் மலைதான். மாற்றிய மூட்டைக் கொண்டு அவள் மறுபடியும் கொல்லையில் குந்தவும் முடியாது.

ஆகையால் வலை அறுபடுமுன் உள்ள காலத்தையே பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மாத்திரை இல்லையே தவிர, வழி இல்லாமற் போகவில்லை. உடல் எடையில் ஒரு ராத்தல் குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் நான்கு ராத்தல் பாரம் குறைகிறது. பிராமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரில் நெடுங்காலம் நடந்த ஆராய்ச்சியில், பத்து வருஷத்தில் ஐந்து கிலோ அளவு எடை குறைந்த பெண்களுக்கு முழங்கால் நோய் வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்தது என்று 1992-ல் எழுதினார்கள். தொடைத் தசை வலுத்தால் பாரத்தின் ஒரு பங்கைத் தசையே ஏற்றுக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவதற்குக் காசு வேண்டாம். அப்பியாசம் செய்தால் மூட்டு இன்னும் தேயும் என்று பயந்து படுத்துவிடுவோர் தம் தசையை இழந்து, நோயை வளர்க்கிறார்கள். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லையாகையால், நடக்கும்போது தண்ணீர் போய்வருவதே அதற்கு ஆகாரம். ஆட்டத்தில் முழங்கால் திருகியவன், வீக்கம் வடிந்துவிட்டது என்று திருப்தியடையாமல், தசை முழு வலுவைப் பெறும் வரையில் மாதக்கணக்கில் முறையான பயிற்சி செய்துவிட்டே களத்துக்குத் திரும்ப வேண்டும்.

தனி மனிதர் செய்யக்கூடியவை இவை. சர்க்கார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் வீடு தேடிச் சென்றார்கள். இயன்முறைப் பயிற்சி அளிப்பவர்களும் அத்திட்டத்தில் இடம் பெற்றார்கள். வீட்டு வாயிலுக்கே வருகிற ஊழியர், நாற்பது வயதுக்கு மேற்பட்டவரிடம் மூன்று கேள்விகள் கூடக் கேட்கலாம்: காலையில் எழுந்ததும் முழங்கால் விறைக்கிறதா? படி இறங்கும்போது நோகிறதா? எப்பொழுதாவது அடிபட்டு வீங்கியதுண்டா? ஆம் என்பவர்க்கு அன்றைக்கே பயிற்சி கற்றுத் தர ஏற்பாடு செய்யலாம். இதற்குப் புதிய கட்டிடமும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம். கடலூர், சிதம்பரம் தாலுகாக்களில் களையெடுக்கும் பெண்களும் முந்திரி உடைக்கும் பெண்களும் மிகுந்த கிராமங்களில் முதலில் தொடங்கிப் பார்க்கலாம் என்று சுகாதார இலாகாவினரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.